கூடையில் காத்திருக்கும் பொருள்

சில மாதங்களுக்கு முன், கைப்பேசியில் நான் வாங்கும் பொருள்களையெல்லாம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கத் தொடங்கினேன். பொருளின் பெயர், அதை முதன்முதலாகப் பார்த்த நேரம், பணம் செலுத்திய நேரம் என்று மூன்று பத்திகள்தாம். செலவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. செயலிகளில் மக்கள் எப்படிப் பொருள் வாங்குகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்து, அந்தத் திரைகளை வடிவமைப்பவர்களுக்கு எடுத்துச் சொல்வது என் பணியின் ஒரு பகுதி. மற்றவர்களிடம் கேட்கும் கேள்விகளை முதலில் என்னிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டு மாதக் குறிப்புகளை ஒருநாள் மொத்தமாகப் புரட்டியபோது, வாங்கிய பொருள்களைவிட, பார்த்ததற்கும் பணம் செலுத்தியதற்கும் நடுவே கிடந்த இடைவெளிதான் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பொருளுக்கு அது மூன்று வாரம், இன்னொன்றுக்கு நான்கு நிமிடம். விலை கூடக் கூட யோசிக்கும் நேரமும் கூடும் என்று நினைத்திருந்தேன். அப்படி எந்த ஒழுங்கும் அதில் இல்லை. விலை மலிவான ஒரு தண்ணீர்க் குடுவைக்கு ஒன்பது நாள் யோசித்திருக்கிறேன், அதைப்போல் பல மடங்கு விலையுள்ள காதொலிக் கருவியை ஓர் இரவில் பத்து நிமிடத்துக்குள் வாங்கி முடித்திருக்கிறேன்.

இணைய வணிகத்தைப் பற்றிய பேச்சில் வாங்கியவர் யார், எவ்வளவுக்கு வாங்கினார், கணினியில் வாங்கினாரா கைப்பேசியில் வாங்கினாரா என்ற கணக்குகளே முன்னால் வந்து நிற்கின்றன. அவை தேவையான கணக்குகள்தாம். ஆனால் பொருளைக் கண்ட கணத்திலிருந்து பணம் கட்டும் கணம் வரை ஒருவர் எங்கே நின்றார், எதைப் பார்த்துப் பின்வாங்கினார், எது அவரை மறுபடியும் அழைத்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நுகர்வோர் நடத்தை நமக்குப் பிடிபடாது என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கற்றது. இணையத்தில் விற்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வசதிகளில் பெரும்பாலானவை, வாங்குபவரின் தயக்கத்தை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் சொல்லப்பட்ட பதில்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சில பதில்கள் தயக்கத்தின் காரணத்தைத் தீர்க்கின்றன, சில பதில்கள் தயங்குவதற்கே நேரம் தராமல் செய்துவிடுகின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் நம் துறையின் பெரிய தவறு இருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய கட்டுரையில், பொருளின் உண்மையான தரம் விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குபவருக்குத் தெரியாமலும் இருந்தால், நல்ல பொருளுக்கும் உரிய விலை கிடைக்காமல் சந்தையே சீர்கெட்டுப்போகும் என்று விளக்கினார். 2001ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்த ஆய்வே அடிப்படை. அதே 1970இல் ஃபிலிப் நெல்சன், வாங்கும் முன்பே தரத்தைப் பார்த்து அறியக்கூடிய பொருள்கள் என்றும், வாங்கிப் பயன்படுத்திய பிறகே தரம் தெரியவரும் பொருள்கள் என்றும் இரண்டு வகையாகப் பிரித்தார். கடைக்குப் போனால் துணியை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்கிறோம், காலணியை மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்க்கிறோம். அதே துணியும் காலணியும் திரைக்குள் போய்விட்டால் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிவிடுகின்றன. வீட்டுக்கு வந்து சேர்ந்து, பெட்டியைப் பிரித்த பிறகுதான் அவற்றின் குணம் தெரியும். கை செய்துகொண்டிருந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

இந்தக் கண்ணோடு பழைய நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அவற்றின் காரணம் விளங்குகிறது. மைக்கேல் ஆல்ட்ரிச் 1979இல் இங்கிலாந்தில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைத்து, வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்க வழி செய்தார். 1984இல் கேட்ஸ்ஹெட் நகரைச் சேர்ந்த 72 வயது மூதாட்டி ஒருவர் அந்த முறையில் டெஸ்கோ கடையிலிருந்து தம் வீட்டுக்கான மளிகைப் பொருள்களைத் தருவித்துக்கொண்டார். அவர் வாங்கியவை அன்றாடம் புழங்கும் பொருள்கள், கடையும் நாடறிந்த கடை. ஆகவே தரத்தைப் பற்றித் தயங்க வேண்டிய அவசியமே அவருக்கு எழவில்லை. 1995 ஜூலையில் அமேசான் தன் தளத்தைத் திறந்தபோது புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. ஆனால் வாங்குபவரின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு புத்தகத்தின் எல்லாப் பிரதிகளும் ஒன்றுதான், தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் அதிகம் இல்லை. காலணியின் கதை வேறு. 1999இல் தொடங்கிய ஸாப்போஸ் நிறுவனம் காலணியை இணையத்தில் விற்க முடிந்ததற்கு, பிடிக்காவிட்டால் செலவில்லாமல் திருப்பி அனுப்பலாம் என்ற உறுதிமொழி முக்கியமான காரணம். போட்டுப் பார்ப்பதைக் கடையிலிருந்து வீட்டுக்கு அது மாற்றி வைத்தது.

என் அண்ணி தம் மகனுக்கு விளையாட்டுக் காலணி வாங்கியதை ஒரு மாலை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தேடும் கட்டத்தில் இரண்டே சொற்களைத் தட்டினார். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்த முடிவுகளை நிறம், விலை, அளவு என்று வடிகட்டும் வசதி திரையின் மேலேயே இருந்தும் அதன் பக்கம் அவர் விரல் போகவில்லை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய் நான்காவது திருப்பத்தில் ஒரு நீலக் காலணியில் நின்றார். நிறுவனம் வெள்ளைப் பின்னணியில் எடுத்துப் போட்டிருந்த ஏழு படங்களையும் ஒரு நொடிகூடப் பார்க்காமல் நேராகக் கீழே இறங்கி, வாங்கியவர்கள் ஏற்றியிருந்த படங்களுக்குப் போனார். வாசல் தரையில் வைத்து எடுத்த ஒரு படத்தில் காலணியின் முன்பகுதியில் அடித்தட்டு பிரிந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார்; பெட்டி நசுங்கி வந்தது என்று திட்டியிருந்தவரைத் தள்ளிவிட்டார், ஒரே மாதத்தில் பிரிந்துவிட்டது என்று எழுதியிருந்தவரின் தேதியைப் பார்த்தார்.

“நல்லபடியாக எழுதியிருப்பவற்றைப் படிக்கவில்லையா அண்ணி?” என்று கேட்டேன். “நல்லா இருக்குன்னு யாரு வேணும்னாலும் எழுதலாம் தம்பி. பிரிஞ்சுபோனதை உட்கார்ந்து படம் பிடிச்சுப் போட்டிருக்காரே, அவருக்கு அதுல என்ன லாபம்?” என்றார். அந்த நீலக் காலணியை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்து, அதற்கும் இதே விசாரணையை நடத்தி, கடைசியில் கூடையில் போட்டுவிட்டுக் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அன்று அவர் எதையும் வாங்கவில்லை.

செயலியின் பதிவேட்டில் அந்த மாலை எப்படிப் பதிந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கூடையில் போட்டுவிட்டு விலகியவர் என்ற ஒற்றை வரிதான் இருக்கும். உண்மையில் அவர் செய்தது ஒரு நல்ல கடைக்காரரிடம் நிற்கும் வாடிக்கையாளர் செய்யும் வேலை. தொட்டுப் பார்க்க முடியாத பொருளைத் தொட்டுப் பார்த்தவர்களின் வாய்மொழியால் தடவிப் பார்த்தார். லாபமில்லாதவர் பேச்சை நம்பலாம் என்ற அவருடைய கணக்கில் நியாயம் இருக்கிறது. நன் ஹூ, பால் பாவ்லு, ஜீ ஜாங் என்ற ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இணைய மதிப்பீடுகள் மிக நல்லது, மிக மோசம் என்ற இரண்டு முனைகளில் குவிந்து நடுவில் மெலிந்திருப்பதைக் காட்டியது. பொருளைப் பிடிக்கும் என்று நினைப்பவர்களே முதலில் அதை வாங்குகிறார்கள். வாங்கியவர்களிலும் மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் நொந்தவருமே எழுத உட்காருகிறார்கள். ‘பரவாயில்லை, ஓடுகிறது’ என்று நினைப்பவர் எதையும் எழுதுவதில்லை. ஆகவே சராசரி நட்சத்திரம் என்ற எண் எவருடைய அனுபவத்தையும் சொல்வதில்லை.

ஆனாலும் அந்த எண்ணுக்குச் சந்தையில் பலம் உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஓர் உணவகத்தின் மதிப்பீடு ஒரு நட்சத்திரம் உயர்ந்தால் அதன் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதை 2011இல் எடுத்துக்காட்டினார். சங்கிலித் தொடராக இயங்கும் பெரிய உணவகங்களுக்கு அந்த உயர்வு இல்லை, பெயர் தெரியாத தனிக் கடைகளுக்கே இருந்தது. பெயரே நம்பிக்கை தருமிடத்தில் நட்சத்திரத்துக்கு வேலை குறைவு என்பது இதிலிருந்து தெரிகிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் செய்த பகுப்பாய்வில், வாங்கும் வாய்ப்பு ஐந்து நட்சத்திரத்தில் உச்சம் தொடவில்லை. நான்குக்குச் சற்று மேலே உச்சம் தொட்டு, ஐந்தை நெருங்க நெருங்கக் குறைந்தது. குறையே இல்லாத புகழ்ச்சியை மக்கள் நம்புவதில்லை. போலி விமர்சனங்களை விலைக்கு விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024இல் விதி கொண்டுவந்த காலத்துக்கு வெகு முன்பே, வாங்குபவர்கள் தாமாகவே இந்த எச்சரிக்கையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்த நான்கு நிமிடப் பொருள்களுக்கு வருகிறேன். கூடை என்ற ஒன்று இணையத்தில் இருப்பதற்கே நினைவு வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போனால் வந்தவர் யார் என்பது வலைத்தளத்துக்கு மறந்துபோகும் நிலையில், வாங்க எடுத்தவற்றை நினைவில் வைப்பது போன்ற தேவைக்காகவே நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி 1994இல் குக்கி என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். நாளடைவில் அது நம்மைப் பின்தொடரும் விளம்பரத்துக்கும் கருவியாயிற்று. அடுத்து, பணம் செலுத்தும் படிகள். முகவரியும் அட்டை எண்ணும் முன்பே சேமிக்கப்பட்டிருந்தால் ஒரே சொடுக்கில் ஆர்டர் செய்துவிடலாம் என்ற முறைக்கு அமேசான் 1997இல் விண்ணப்பித்து 1999 செப்டம்பரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. ஆப்பிள் நிறுவனம் 2000இல் அதை உரிமம் பெற்றுப் பயன்படுத்திக்கொண்டது. 2017இல் காப்புரிமை காலாவதியாகும் வரை மற்றவர்கள் அதே முறையைத் தாராளமாகக் கையாள முடியவில்லை. ஒரு சொடுக்குக்காக நிறுவனங்கள் வழக்காடும் அளவுக்குப் போனதை வைத்தே, அந்த இடைவெளியைச் சுருக்குவதில் எவ்வளவு வருமானம் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பணம் கொடுக்கும்போது மனத்தில் ஒரு சிறு வலி எழுகிறது. அந்த வலிதான் இயல்பான கடிவாளம். டிரேசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் இருவரும் 1998இல் இதை விரிவாக எழுதினார்கள். பிரெலெக்கும் டங்கன் சிமஸ்டரும் 2001இல் வெளியிட்ட சோதனை இதைக் கண்முன் காட்டுகிறது: நுழைவுச்சீட்டு கிடைக்காத ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டபோது, ரொக்கமாகத் தர வேண்டியவர்களைவிடக் கடன் அட்டையில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு தரத் தயாராக இருந்தார்கள். நோட்டை எண்ணிக் கொடுத்தால் கை உணர்கிறது, அட்டையைத் தேய்த்தால் அந்த உணர்வு பாதியாகிறது, விரல் ரேகையை வைத்தால் போதும் என்ற நிலையில் பணம் போனதே தெரிவதில்லை. பணம் செலுத்தும்போது கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணுக்காகக் காத்திருக்கும் அரை நிமிடத்தைப் பலர் தொல்லை என்று சொல்வார்கள். என் நோட்டுப் புத்தகத்தில் அந்த அரை நிமிடத்தில் மனம் மாறி விட்டுவிட்ட இரண்டு பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் பெயரைப் படித்தபோது ஏன் விரும்பினேன் என்பதே எனக்கு நினைவு வரவில்லை.

கைப்பேசிக்கென்று தனியான சில குணங்கள் உண்டு. அதன் திரை சிறியது. ஒரே பார்வையில் இரண்டு அல்லது மூன்று பொருள்களே தெரியும். கணினியில் நாலைந்து சன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒப்பிடும் ஒருவர், கைப்பேசியில் முன்னே போய்ப் பின்னே வந்து நினைவில் வைத்தே ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில் வருவதற்கு அங்கே கூடுதல் பலம். விலை அதிகமுள்ள பொருள்களைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுக் கணினியில் போய் முடிப்பவர்கள் இன்றும் பலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு குணம் தொடுதல். பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த ஆடம் பிராசல், ஜேம்ஸ் கிப்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளின் படத்தைச் சுட்டியால் சொடுக்கிப் பார்த்தவர்களைவிடத் தொடுதிரையில் விரலால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தம்முடையது என்ற உணர்வு கூடுதலாக இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அதிக விலை கேட்டார்கள். தொட்டது கண்ணாடியைத்தான் என்றாலும் மனத்துக்கு அது பொருளைத் தொட்டதாகவே படுகிறது போலும்.

மூன்றாவது குணத்தைப் பற்றி ஆய்வுகளைவிட என் குறிப்புகளே எனக்கு அதிகம் சொல்லின. கைப்பேசியில் வாங்குவதற்கென்று யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. வேறொன்றுக்குக் காத்திருக்கும் நேரத்தின் ஓரத்தில் அது நடக்கிறது. நான்கு நிமிடத்திலும் பத்து நிமிடத்திலும் நான் வாங்கியவை ஏறக்குறைய எல்லாமே இரவு பத்து மணிக்கு மேல் படுக்கையில் கிடந்தபடியோ, எவரோ வருவதற்காகக் காத்து நின்றபடியோ வாங்கியவை. கடைக்குக் கிளம்புபவர் வாங்கும் மனத்தோடு கிளம்புகிறார். கைப்பேசியில் அந்த மனம் முதலில் இருப்பதில்லை. ஓர் அறிவிப்பு வந்து, பார்த்து, பார்த்ததனால் அது எழுகிறது. தேவை, தேடல், ஒப்பீடு, தேர்வு, வாங்குதல் என்று பாடநூல்களில் வரிசையாக எழுதும் ஏணி இங்கே தலைகீழாகவும் நடக்கிறது; வாங்கிய பிறகு அதற்கான தேவையைக் கண்டுபிடித்து வீட்டாரிடம் விளக்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படி வாங்கிய ஒரு மேசை விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவு பதினொன்றே காலுக்கு ஒரு செயலியில் அதைக் கண்டேன். பழைய விலையைக் கோடிட்டு அடித்து, அதில் பாதிக்கும் குறைவான புதிய விலையைப் பெரிய எழுத்தில் போட்டு, அதன்கீழ் சிவப்பு நிறத்தில் ஒரு கடிகாரம் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருந்தது: சலுகை முடிய பதினான்கு நிமிடம். விளக்கின் வெளிச்சம் எத்தனை அளவு, மின்கம்பி எவ்வளவு நீளம் என்று எதையும் நான் பார்க்கவில்லை; நொடிகள் குறைவதை மட்டும் பார்த்தேன். பதினொரு நிமிடம் மீதமிருக்கும்போது பணம் கட்டிவிட்டேன். மறுநாள் காலை மின்கம்பியின் நீளத்தைத் தெரிந்துகொள்ள அதே பக்கத்தைத் திறந்தால், அதே விலை, அதே சிவப்புக் கடிகாரம், மறுபடியும் பதினைந்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. இத்தகைய உத்திகளைப் பற்றிப் பிறருக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் இருக்கும் எனக்கே அது வேலை செய்தது என்பதை அழுத்தமாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். தெரிந்திருப்பது ஒன்று, அந்த நேரத்தில் நினைவுக்கு வருவது வேறொன்று.

கோடிட்ட பழைய விலை என்ன செய்கிறது என்பதை டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1974இலேயே விளக்கிவிட்டார்கள். எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தை, 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி செய்து சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடுமதிப்பு 25ஆகவும், 65ஐப் பார்த்தவர்களின் நடுமதிப்பு 45ஆகவும் இருந்தது. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் எண்கூட மனத்தில் நங்கூரம் போட்டுவிடும் என்றால், பொருளின் பக்கத்திலேயே எழுதிய பழைய விலை என்ன செய்யாது? அந்த விலைக்கு அது என்றைக்காவது விற்றதா என்று நாம் கேட்பதில்லை. கடிகாரமும் ‘இன்னும் இரண்டே மீதம்’ என்ற வாசகமும் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தைத் தொடுகின்றன. கிடைக்கும் லாபத்தின் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பின் வருத்தம் பெரிது என்று அவர்கள் இருவரும் 1979இல் எழுதியதும் இங்கே அப்படியே பொருந்துகிறது.

இப்படி ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்நல் 2010இல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஏறத்தாழ 11,000 விற்பனைத் தளங்களைத் தானியங்கி முறையில் அலசி, அவற்றில் 1,818 இடங்களில் இத்தகைய உத்திகளைக் கண்டெடுத்தார்கள். நேரம் முடிந்த பிறகும் அதே சலுகை தொடரும் கடிகாரங்களும் அவற்றில் இருந்தன. முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டங்களால் கூடுதல் கட்டணம் வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் தடுத்திருக்கிறது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பதின்மூன்று வகை உத்திகளைப் பெயர் சொல்லித் தடைசெய்தது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் இவற்றை உருவாக்குபவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து செய்வதில்லை என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு மற்றதையும் காட்டி, எதில் அதிகம் பேர் வாங்குகிறார்களோ அதை வைத்துக்கொள்வது இங்கே அன்றாட வழக்கம். கடிகாரம் வைத்த பக்கம் வென்றுவிடும். அதில் வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுநாள் காலை என்னைப்போல் பக்கத்தைத் திறந்து பார்த்து இனி இந்தச் செயலியை நம்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள் என்பது அந்தச் சோதனையின் அட்டவணையில் வருவதில்லை.

கூடைக்குத் திரும்புவோம். இணையக் கூடைகளில் சுமார் 70 சதவீதம் வாங்கப்படாமலேயே விடப்படுகின்றன என்று பேமார்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறது. இந்த எண்ணைக் கண்டு பதறுபவர்கள், மக்கள் கூடையை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதில்லை. அண்ணிக்கு அது யோசிக்கும் மேசை. வேறு சிலருக்கு விலை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் இடம், மாதச் சம்பளம் வரும் வரை ஆசையை வைத்திருக்கும் அலமாரி, கூட்டிப் பார்த்தால் எவ்வளவு வருகிறது என்று அறியும் கணக்குப் பலகை. இவர்களுக்கு மணிக்கொரு தடவை நினைவூட்டல் அனுப்புவது, யோசித்துக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பதற்குச் சமம்.

உண்மையிலேயே வாங்க வந்து விட்டுப்போகிறவர்கள் சொல்லும் காரணங்களில் முதலிடத்தில் நிற்பது, கடைசித் திரையில் திடீரென்று வந்து சேரும் அனுப்புதல் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் ஆகியவை. தொகை பெரிதாக இல்லாவிட்டாலும் மனம் முறிந்துவிடுகிறது. முதலில் சொன்ன விலையை மனம் ஒப்புக்கொண்டு முடித்துவிட்டது, மேற்கொண்டு கேட்பதெல்லாம் வாக்கு மீறலாகப் படுகிறது. இலவச டெலிவரி என்ற சொல்லுக்கு இருக்கும் ஈர்ப்பும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. கிறிஸ்டினா ஷாம்பானியர், நினா மஸார், டான் ஏரியலி ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனையில் உயர்ந்த சாக்லேட் ஒன்றையும் சாதாரண சாக்லேட் ஒன்றையும் குறைந்த விலைக்கு விற்றார்கள். பெரும்பாலானோர் உயர்ந்ததையே எடுத்தார்கள். பிறகு இரண்டின் விலையிலும் ஒரே ஒரு காசு குறைத்தபோது சாதாரணமானது இலவசமாகிவிட்டது. உடனே பெரும்பாலானோர் அதன் பக்கம் சாய்ந்தார்கள். விலை வேறுபாடு முன்பு எவ்வளவோ அவ்வளவேதான் பின்பும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் அனுப்புதல் இலவசம் என்றால், அந்தக் கட்டணத்தைவிட அதிக விலைக்குத் தேவையில்லாத ஒன்றைச் சேர்த்து வாங்குகிறோம். என் நோட்டுப் புத்தகத்தில் அப்படிச் சேர்ந்த மூன்று பொருள்கள் இருக்கின்றன.

வகைகள் அதிகமானால் மக்கள் குழம்பி வாங்காமல் போய்விடுவார்கள் என்று சொல்வதற்கு, ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஜாம் சோதனையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்: 24 வகை வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதமும், 6 வகை வைத்த மேசைக்கு வந்தவர்களில் 30 சதவீதமும் வாங்கினார்கள். ஆனால் இதுபோன்ற பல சோதனைகளை ஒன்றுசேர்த்து 2010இல் செய்த தொகுப்பாய்வில் சராசரி விளைவு ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. தனக்கு வேண்டியது எது என்று தெரிந்து வருபவருக்கு வகைகள் எத்தனை இருந்தாலும் சுமையில்லை, தெரியாமல் வருபவருக்கே அது சுமை. அமேசான் 1998இலிருந்து செயல்படுத்திய ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்ற பரிந்துரை முறை அந்தச் சுமையைக் குறைப்பதற்கு நல்ல வழிதான். இருந்தாலும் ஒருமுறை மட்டும் தேவைப்படும் பொருளை வாங்கியவருக்கு ஒரு மாதம் முழுவதும் அதே பொருளைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, செய்ததை அறிவதற்கும் ஏன் செய்தார் என்று அறிவதற்கும் நடுவில் இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது விளங்கும்.

மூன்றாவது நாள் அண்ணி காலணியை வாங்கிவிட்டார், அதுவும் ஒரே காலணியை இரண்டு அளவுகளில். அதற்குள் அவர் செய்த வேலைகள் எதுவும் செயலிக்குத் தெரியாது. மகனின் காலை ஒரு தாளில் வைத்து வரைந்து அடிக்கோலால் அளந்திருக்கிறார். அதே நிறுவனத்தின் காலணி போட்டிருந்த அவன் நண்பனின் அம்மாவிடம் பேசியிருக்கிறார். திருப்பி அனுப்பும் விதிகளை, பொடி எழுத்து உட்பட, முழுவதும் படித்திருக்கிறார். பெட்டிகள் வந்ததும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவனை ஓடவிட்டுப் பார்த்தார். பெரிய அளவு நின்றது. சிறியதை உறை கலையாமல் பெட்டியில் வைத்துத் திரும்ப ஒட்டியபோது, திருப்பி அனுப்புவதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்படி செயலி கேட்டது: பொருள் சேதம், தவறான பொருள், அளவு பொருந்தவில்லை, மனம் மாறிவிட்டது. நான்கையும் இரண்டு தடவை படித்துவிட்டு, “நான் ரெண்டையும் போட்டுப் பார்க்கத்தானே வாங்கினேன், அதுக்கு எதைத் தம்பி அழுத்தறது?” என்று என்னிடம் கேட்டார்.